காரில் ஒட்டும் பாகும் இலையில் படியும் கரியும்: நகர மரங்களின் சாறுறிஞ்சிப் பூச்சிகளும் கரும்பூஞ்சணமும்

மே மாதம் முடிகிற காலத்தில் லண்டனின் குடியிருப்பு வீதிகளில் ஒரே முறைப்பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். இரவு மரத்தின் கீழ் நிறுத்திய கார் விடிய எழும்பிப் பார்க்கும்போது சீனிப்பாகு தெளித்தது போல ஒட்டுகிறது. துடைப்பானைப் போட்டால் முன்கண்ணாடி முழுவதும் மங்கிவிடுகிறது. நடைபாதையில் செருப்பு ஒட்டி ஒட்டிக் கிளம்புகிறது. சில வாரங்கள் போக, அந்த ஒட்டலின் மேல் அடுப்புக்கரி பூசியது போல ஒரு கறுப்புப் படிகிறது. மரத்தின் இலை, வேலி, தோட்டத்துக் கதிரை, குப்பைத்தொட்டியின் மூடி என்று எதையும் அது விட்டுவைப்பதில்லை.

இதற்கு நம்மவர்களிடையே மூன்று விளக்கங்கள் உலாவுகின்றன. மரம் பிசின் வடிக்கிறது என்பது ஒன்று. வாகனப் புகை படிகிறது என்பது இரண்டாவது. மரத்துக்கு ஏதோ நோய், வெட்டினால்தான் தீரும் என்பது மூன்றாவது. மூன்றுமே பிழை. ஒட்டுவது பூச்சியின் கழிவு. கறுப்பது அந்தக் கழிவில் முளைக்கும் பூஞ்சணம். இந்த வேறுபாடு தெரியாமல் போவதால் நல்ல மரங்கள் வெட்டப்படுகின்றன, தேவையில்லாத நஞ்சு தெளிக்கப்படுகிறது, வீட்டுக்காரரும் சில வேளைகளில் சட்டச் சிக்கலில் மாட்டுகிறார்.

நான் வர்த்தகப் பிரிவில் படித்துக் கணக்காளனாக வேலை செய்பவன். என்னிடம் கணக்குப் பார்க்க வருபவர்களில் வாடகைக் கார் ஓட்டுபவர்கள் கணிசமானோர். கோடை வந்தால் கார் கழுவும் பற்றுச்சீட்டுகள் கூடிவிடும். அவர்களுக்கு விளக்கம் சொல்லவென்று தேடி வாசித்தவற்றை இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

எந்த மரம் இது?

லண்டனில் இந்தத் தொல்லைக்குப் பேர்போனது லைம் மரம். லைம் என்றதும் தேசிக்காய் நினைவுக்கு வரும். இது அதுவல்ல. இங்கிலாந்தில் லைம் என்று அழைக்கப்படும் மரத்தைத்தான் ஜேர்மனியிலும் சுவிஸிலும் லிண்ட என்கிறார்கள். பிரான்ஸில் தியோல். கனடாவில் லிண்டன் அல்லது பாஸ்வுட். பேர்லினின் புகழ்பெற்ற உன்டர் டென் லிண்டன் வீதியின் பெயருக்கு 'லிண்டன் மரங்களின் கீழே' என்பதே பொருள். பாரிஸில் கடைகளில் விற்கும் தியோல் தேநீர் இதன் பூவில் போடுவது. ஆக, புலம்பெயர்ந்த தமிழர் வாழும் நகரங்களில் பெரும்பாலானவற்றில் இந்த மரம் ஏதோ ஒரு பெயரில் நிற்கிறது.

இதய வடிவ இலையைப் பார்த்தால் நமக்குப் பூவரசு நினைவுக்கு வரும். அது தற்செயல் ஒற்றுமை என்று விட்டுவிட முடியாது. இன்றைய தாவரவியல் வகைப்பாட்டில் லைம், பூவரசு, செவ்வரத்தை, பருத்தி, வெண்டி எல்லாம் ஒரே குடும்பம். ஜூன், ஜூலையில் வெளிர்மஞ்சளாகப் பூத்து வீதியெல்லாம் மணக்கும். எவ்வளவு வெட்டினாலும் மீண்டும் துளிர்க்கும், நகரத்துக் காற்றையும் இறுகிய மண்ணையும் தாங்கும் என்பதால் ஐரோப்பிய நகரங்கள் இதை ஏராளமாக நட்டன.

லைம் மட்டுமல்ல, சிக்கமோர், நோர்வே மேப்பிள், ஓக், பேர்ச் ஆகியவற்றின் கீழும் இதே ஒட்டலைக் காணலாம். லண்டனில் எங்கும் நிற்கும் பட்டை உரியும் பிளேன் மரத்தில் இது மிகக் குறைவு. எனவே கார் ஒட்டுகிறதா என்பது பெரும்பாலும் எந்த மரத்தின் கீழ் நிறுத்துகிறோம் என்பதில் தங்கியிருக்கிறது.

பூச்சி ஏன் சீனியை வெளியே கொட்டுகிறது?

இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் சில மில்லிமீற்றர் நீளத்தில் மென்மையான சிறு பூச்சிகள் தெரியும். இலங்கை விவசாயத் திணைக்களத்தின் துண்டுப்பிரசுரங்களில் இவற்றை அழுக்கணவன் என்று எழுதுவார்கள். தமிழ்நாட்டில் அசுவினி அல்லது செடிப்பேன் என்பார்கள். லைம் மரத்துக்கென்றே ஓர் அழுக்கணவன் இனம் உண்டு. மஞ்சள் உடலில் கறுப்புக் கோடுகளும் சிறகுகளும் உள்ளது. சிக்கமோருக்கு வேறோர் இனம். ஒன்று மற்றதன் மரத்தில் குடியேறுவதில்லை.

இவற்றின் வாய் ஊசி போன்றது. அதை இலை நரம்புக்குள் செலுத்தி உரியக் கலன்களை எட்டுகின்றன. இலையில் தயாரான சீனியை மரத்தின் மற்றப் பாகங்களுக்குக் கொண்டுபோகும் குழாய்களே உரியம். அங்கே சாறு அழுத்தத்தில் இருப்பதால் ஊசி நுழைந்ததும் தானாகவே மேலே வருகிறது. 1953இல் கென்னடி, மிட்லர் என்ற இரு ஆய்வாளர்கள் சாறு குடித்துக்கொண்டிருந்த அழுக்கணவனின் உடலை வெட்டி அகற்றிவிட்டு ஊசியை மட்டும் மரத்தில் விட்டார்கள். சாறு ஊசிவழியே தொடர்ந்து வடிந்தது. உரியச் சாற்றைத் தூய்மையாகச் சேகரிக்க விஞ்ஞானிகளுக்குக் கிடைத்த நல்ல வழிகளில் ஒன்றாக அது இன்றும் இருக்கிறது.

பூச்சிக்கு வளரவும் குட்டி போடவும் புரதம் வேண்டும். அதற்கு அமினோ அமிலங்கள் தேவை. உரியச் சாற்றில் சீனி ஏராளம், அமினோ அமிலம் மிகச் சொற்பம். தேவையான சொற்பத்தைச் சேர்ப்பதற்குப் பெருமளவு சாற்றை உள்ளே எடுத்தாக வேண்டியிருக்கிறது. உடலுக்குள் வாழும் புக்னெரா என்ற பற்றீரியா சில முக்கிய அமினோ அமிலங்களைத் தயாரித்துக் கொடுத்து உதவுகிறது. மிஞ்சும் சீனி, தண்ணீருடன் துளித்துளியாகப் பின்பக்கத்தால் வெளியேறுகிறது. ஆங்கிலத்தில் இதற்குத் தேன்பனி என்று பொருள்படும் பெயர். நமது காரில் ஒட்டுவது இதுதான்.

தேன்பனியில் சாதாரண சீனிகளோடு மெலிசிற்றோஸ் போன்ற கூட்டுச்சீனிகளும் இருக்கும். உரியச் சாறு பூச்சியின் உடற்பாயத்தைவிடச் செறிவானது. அப்படியே விட்டால் பிரசாரணத்தால் பூச்சியின் உடலிலுள்ள நீரைச் சாறு இழுத்துவிடும். சிறு சீனி மூலக்கூறுகளைப் பெரிய மூலக்கூறுகளாகக் கோத்துச் செறிவைக் குறைத்துப் பூச்சி தன்னைக் காத்துக்கொள்கிறது.

எண்ணிக்கை எப்படி இவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்பதற்கும் விளக்கம் உண்டு. வசந்தத்தில் முட்டையிலிருந்து வெளிவருபவை எல்லாம் பெண்கள். கோடை முழுவதும் அவை ஆணில்லாமலே உயிருள்ள குட்டிகளை ஈனுகின்றன. பிறக்கும் குட்டியின் உடலுக்குள் அடுத்த தலைமுறை ஏற்கெனவே உருவாகத் தொடங்கியிருக்கும். கூட்டுவட்டி கணக்குப் போட்டவர்களுக்கு இது எப்படி ஏறும் என்று சொல்லத் தேவையில்லை. இலையுதிர்காலத்தில் மட்டுமே ஆணும் பெண்ணும் தோன்றி, குளிரைத் தாங்கும் முட்டைகளைக் கிளைகளில் இடுகின்றன.

அழுக்கணவன் மட்டும் இதைச் செய்வதில்லை. மென்செதில் பூச்சிகள், வெண்மூட்டுப்பூச்சிகள், வெள்ளை ஈக்கள், தத்திகள் எல்லாம் இதே தொழில்தான். பிரித்தானியாவில் 1964இல் முதன்முதலாக அறியப்பட்ட குதிரைக் கஷ்கொட்டைச் செதில் பூச்சி, இன்று லைம், சிக்கமோர், மேப்பிள் மரங்களின் அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும் வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போல மே, ஜூனில் தெரியும். அது அதன் முட்டைப்பை. நமக்குப் பழக்கமான அரக்கும் சாறுறிஞ்சும் ஒரு செதில் பூச்சி சுரப்பதே. அதிலிருந்துதான் முத்திரை அரக்குச் செய்தார்கள்.

தேன்பனி எல்லாருக்கும் தொல்லை என்றும் சொல்ல முடியாது. ஜேர்மனியிலும் சுவிஸிலும் கடைகளில் கடும் பழுப்பு நிறத்தில், கூடிய விலைக்கு விற்கும் காட்டுத்தேன் பூவிலிருந்து வந்ததல்ல. ஊசியிலை மரங்களில் அழுக்கணவனும் செதில் பூச்சியும் சொரிந்த தேன்பனியைத் தேனீக்கள் சேகரித்துக் கொடுத்தது. காரில் ஒட்டினால் அழுக்கு, போத்தலில் அடைத்தால் உயர்ரகத் தேன்.

கறுப்பு எங்கிருந்து வருகிறது?

காற்றில் எப்போதும் பூஞ்சண வித்திகள் மிதந்துகொண்டிருக்கின்றன. பாண் துண்டை வெளியே வைத்தால் பூஞ்சணம் பிடிப்பது அதனால்தான். தேன்பனி விழுந்த பரப்பு எதுவானாலும் அங்கே சீனி இருக்கிறது. ஈரமும் கிடைத்தால் சில வகைப் பூஞ்சணங்கள் முளைக்கின்றன. கப்னோடியம், கிளடோஸ்போரியம், ஓரியோபசிடியம் என்பவை அடிக்கடி காணப்படுபவை. பெரும்பாலும் பல இனங்கள் ஒரே படலத்தில் கலந்தே வாழும். இவற்றின் இழைகளில் மெலனின் என்ற கருநிறப்பொருள் இருக்கிறது. வெயிலையும் வறட்சியையும் தாங்க அது உதவுகிறது. கறுப்புக்குக் காரணமும் அதுவே.

இந்தப் பூஞ்சணம் இலைக்குள் நுழைவதில்லை. மரத்திலிருந்து எதையும் எடுப்பதுமில்லை. மேசையில் சிந்திய தேத்தண்ணியில் பூஞ்சணம் பிடித்தால் மேசைக்கு நோய் என்று சொல்வோமா? அதே நிலைதான் இலைக்கும். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் கறுப்புக் கழன்று கீழே பச்சை இலை தெரியும். வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. கார், கதிரை, கல் ஆகியவற்றிலும் பூஞ்சணம் பொருளைத் தின்பதில்லை. மேலே கிடக்கும் சீனியைத்தான் தின்கிறது.

மரத்துக்கு நட்டமே இல்லையா?

இல்லை என்று முழுதாகச் சொல்வதும் சரியாகாது. கறுப்புப் படலம் இலைக்கு வரும் வெளிச்சத்தை மறைக்கிறது. சீனி உற்பத்தி அந்த அளவுக்குக் குறையும். சாறு இழப்புக்கும் ஒரு விலை உண்டு. டிக்சன் என்ற பிரித்தானிய ஆய்வாளர் லைம் இளங்கன்றுகளில் செய்து 1971இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. அழுக்கணவன் பிடித்த கன்றுகளின் வெளித்தோற்றத்தில் பெரிய குறை தெரியவில்லை. ஆனால் அவற்றின் வேர் வளரவில்லை. மேலே இலாபம் காட்டி, சேமிப்புக் கணக்கில் எதையும் போடாத வியாபாரம் போன்ற நிலை.

ஆகவே புதிதாக நட்ட கன்றில் பூச்சி கூடினால் கவனிக்க வேண்டும். வறண்ட கோடையில் வேருக்குத் தண்ணீர் ஊற்றுவது அதற்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி. வளர்ந்த மரத்தின் நிலை வேறு. அது பல தசாப்தங்களாக இந்தப் பூச்சிகளோடு வாழ்ந்து வந்தது. இலையுதிர்காலத்தில் கறுத்த இலை எல்லாம் கொட்டும், அடுத்த வசந்தத்தில் புதிய இலையோடு தொடங்கும். தேன்பனி சொரிகிறது என்பதற்காக ஒரு முதிர்ந்த மரம் சாகப்போகிறது என்று எண்ணத் தேவையில்லை.

எல்லாக் கறுப்பும் ஒன்றல்ல

கரும்பூஞ்சணத்தோடு குழப்பிக்கொள்ளக்கூடிய வேறு இரண்டு உண்டு. வித்தியாசம் தெரிந்திருப்பது அவசியம்.

முதலாவது தார்ப்புள்ளி. சிக்கமோர், நோர்வே மேப்பிள் இலைகளில் தார் சொட்டியது போல வட்டமான கரும்புள்ளிகள் கோடையின் பிற்பகுதியில் தோன்றும். ரொறன்ரோவில் நோர்வே மேப்பிள் நிற்கும் வீதிகளில் இதைப் பார்க்காதவர்கள் குறைவு. இது இலைக்குள் வளரும் பூஞ்சணம், துடைத்தால் போகாது. அசிங்கமாகத் தெரிந்தாலும் மரத்துக்குப் பெரிய தீங்கு இல்லை. விழுந்த இலைகளைக் கூட்டி அகற்றினால் அடுத்த ஆண்டு ஓரளவு குறையும்.

இரண்டாவது கரிப்பட்டை நோய். இதுதான் கவனிக்க வேண்டியது. சிக்கமோரையும் வேறு மேப்பிள் வகைகளையும் தாக்கும். பட்டை வெடித்து உரிந்து, அதன் கீழே கரித்தூள் போன்ற வித்திகள் தடித்த படையாகத் தெரியும். கிளைகள் வாடி மரமே பட்டுப்போகலாம். பிரித்தானியாவில் இது முதலில் கவனிக்கப்பட்டது கிழக்கு லண்டனில் வன்ஸ்ரெட் பூங்காவில், 1945இல். இல்ஃபோர்ட், ஈஸ்ட்ஹாம் பகுதித் தமிழருக்கு அந்தப் பூங்கா பக்கத்து வீடு மாதிரி. வெப்பமும் வறட்சியும் கூடிய கோடைகளுக்குப் பின் இந்நோய் தலைதூக்கும். அந்த வித்தித்தூளை நிறையச் சுவாசித்தால் நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி வரக்கூடும். மேப்பிள் பட்டை உரிக்கும் தொழிலாளரிடம் இது மருத்துவர்களால் பதிவுசெய்யப்பட்டிருக்கிறது. இப்படியான மரத்தைக் கண்டால் பட்டையைக் கிளறாமல் உள்ளூராட்சி சபைக்கு அறிவிக்க வேண்டும். வெட்டுவது பாதுகாப்புக் கவசத்தோடு தொழில்தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை.

சுருக்கமாக: இலையின் மேல் படர்ந்து, துடைத்தால் போவது கரும்பூஞ்சணம். இலையில் புள்ளியாக நின்று, துடைத்தாலும் போகாதது தார்ப்புள்ளி. அடிமரத்தில் பட்டைக்குக் கீழே தூளாக இருப்பது கரிப்பட்டை நோய்.

மருந்து அடித்தால் என்ன?

2013 ஜூனில் அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் வில்சன்வில் என்ற ஊரில் நடந்ததை அறிந்துகொள்வது நல்லது. ஒரு பேரங்காடியின் வாகனத் தரிப்பிடத்தில் 55 லிண்டன் மரங்கள் நின்றன. கார்களில் தேன்பனி ஒட்டுகிறது என்று, அழுக்கணவனைக் கொல்ல டைனோட்டெஃபுரான் என்ற பூச்சிநாசினியை அடித்தார்கள். மரங்கள் அப்போது பூத்திருந்தன. தேன் எடுக்க வந்த பம்பிள்பீ என்ற பருத்த தேனீக்கள் 50,000க்கு மேல் செத்துத் தரையில் விழுந்தன. மிச்சத் தேனீக்கள் கிட்ட வராமல் இருக்க மரங்களை வலையால் மூடவேண்டி வந்தது. 2015இல் ஒரேகன் மாநிலம் அந்த மருந்தையும் அதே நியோநிகொட்டினொயிட் வகையைச் சேர்ந்த வேறு மூன்றையும் லிண்டன் இன மரங்களில் பயன்படுத்தக்கூடாது என்று நிரந்தர விதி போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் இந்த வகையில் மூன்று மருந்துகளின் வெளிப்புறப் பாவனையை 2018இல் தடைசெய்தது.

நஞ்சின் இன்னொரு விளைவு உடனே கண்ணுக்குத் தெரியாது. அழுக்கணவனைத் தின்று வாழும் உயிர்கள் ஏராளம். பொறிவண்டும் அதன் புழுவும், மிதப்பு ஈயின் புழு, கண்ணாடிச்சிறகுப் பூச்சியின் புழு, அழுக்கணவனின் உடலுக்குள் முட்டையிடும் மிகச் சிறிய குளவிகள், சிட்டுக்குருவி இனங்கள் என்று பட்டியல் நீளும். மருந்து அடித்தால் பொறிவண்டும் குளவியும் சேர்ந்தே சாகின்றன. அவை மெதுவாகப் பெருகுபவை. அழுக்கணவன் ஆணில்லாமலே பெருகுவது. சில வாரங்களில் எதிரியில்லாத மரத்தில் அழுக்கணவன் முன்பைவிடக் கூடுதலாக நிற்கும்.

கலிபோர்னியாவின் பேர்க்லி நகரம் இதற்கு மாற்றுவழி காட்டியது. 1970களின் தொடக்கத்தில் அங்குள்ள பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ஒல்கவ்ஸ்கியும் அவருடைய குழுவினரும் லிண்டன் அழுக்கணவனைத் தாக்கும் சிறு குளவியை ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அழுக்கணவன் ஐரோப்பாவிலிருந்து வந்தது, அதன் எதிரி கூட வரவில்லை என்பதே அவர்கள் கண்டறிந்த காரணம். குளவி நிலைகொண்ட பின் வீதி மரங்களுக்கு நஞ்சு அடிக்கும் தேவை பெரிதும் குறைந்தது.

நமது ஊர்ப் பக்கத்திலும் இதே பாடம் உண்டு. தென்னையைத் தாக்கும் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதலில் அறியப்பட்டது 2016இல், பொள்ளாச்சியில். ஓலையின் அடியில் வெள்ளை ஈ, கீழ் ஓலையின் மேல் தேன்பனி, அதன்மேல் கரும்பூஞ்சணம். கறுத்த ஓலையைக் கண்டு பலரும் மருந்து அடித்தார்கள். வேளாண்மை நிறுவனங்கள் சொன்னது அதற்கு எதிரானது: பூச்சிநாசினியை நிறுத்துங்கள், என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவி பெருக இடம்விடுங்கள், தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், கறுப்பை அகற்றக் கஞ்சிப்பசையைத் தெளியுங்கள். பசை காயும்போது பூஞ்சணத்தையும் சேர்த்து உரிந்து விழும். வெள்ளை ஈ இலங்கைத் தென்னைகளையும் பிடித்திருப்பதை யாழ்ப்பாணம் போய் வருபவர்கள் கண்டிருப்பார்கள். அங்கேயும் கறுப்பைப் பார்த்துத் தென்னையைத் தறிக்க அவசரப்படக்கூடாது.

நகரத்தில் ஏன் கூடுதல்?

காட்டிலும் அழுக்கணவன் உண்டு. நகரத்தில் அது மிகுவதற்கு வெப்பம் ஒரு காரணம். தாரும் கொங்கிரீட்டும் பகல் வெயிலை வாங்கி இரவிலும் சூட்டை வெளிவிடுகின்றன. வட கரோலினாவின் ராலே நகரில் வீதி ஓக் மரங்களை ஆராய்ந்தவர்கள், ஒரு மென்செதில் பூச்சி குளிர்ந்த இடங்களைவிட மிகச் சூடான இடங்களில் 13 மடங்கு வரை கூடுதலாக இருந்ததை 2013இல் வெளியிட்டார்கள். வேருக்கு நீர் கிடைக்காத மரமும் எளிதில் பாதிப்படையும்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. மரத்தை வெட்டினால் அந்த வீதி இன்னும் சூடாகும். மிச்சமுள்ள மரங்களில் பூச்சி கூடுவதற்கு அது துணைபோகும். கிளைகளைக் கண்டபடி தறித்தாலும் மரம் அடுத்த ஆண்டு இளந்தளிர்களாகத் தள்ளும். அழுக்கணவனுக்கு மிகப் பிடித்தது இளந்தளிர்தான்.

வெட்டச் சொல்லிக் கேட்கலாமா?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியில் ஒரு வீதியின் லைம் மரங்களை அகற்றக் கோரி கையொப்பம் சேர்த்தார்கள். தமிழ்ப் பெயர்களும் அதில் பல இருந்தன. தேன்பனி ஒரு தற்காலிகத் தொல்லை, அதற்காக மரம் வெட்டப்படாது என்று சபை எழுத்தில் பதிலளித்தது. பிரித்தானியாவின் பல உள்ளூராட்சி சபைகளின் கொள்கை இதுதான். விண்ணப்பத்தில் நேரத்தைச் செலவிடும் முன் சபையின் இணையத்தளத்தில் மரக்கொள்கையை வாசிப்பது நல்லது.

கணக்காளனாக இதை நான் ஐந்தொகையாகவே பார்க்கிறேன். செலவுப் பக்கத்தில் கோடையில் சில தடவை கார் கழுவும் காசு. சொத்துப் பக்கத்தில் என்ன இருக்கிறது? 2015இல் வெளியான லண்டன் மரங்களின் மதிப்பீட்டில், நகரின் 84 இலட்சம் மரங்கள் காற்றின் மாசை அகற்றுவது, காபனைச் சேமிப்பது, மழைவெள்ளத்தைத் தணிப்பது ஆகியவற்றால் ஆண்டுக்கு 13 கோடி 27 இலட்சம் பவுண் பெறுமதியான சேவை செய்வதாகக் கணக்கிட்டார்கள். தனி மரத்துக்கு விலை போடும் காவட் என்ற முறையும் பிரித்தானியாவில் இருக்கிறது. மேஃபெயரில் பார்க்லி சதுக்கத்திலுள்ள ஒரு பிளேன் மரத்துக்கு அந்த முறையில் 2008இல் 7 இலட்சத்து 50 ஆயிரம் பவுண் மதிப்பிட்டார்கள். மரம் தேய்மானம் கழிக்கும் சொத்தல்ல. வயது ஏற ஏறப் பெறுமதி ஏறும். வெட்டிவிட்டு ஒரு கன்றை நட்டால் அந்த இடைவெளியை நிரப்ப ஒரு தலைமுறை செல்லும்.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் மரப் பாதுகாப்பு ஆணை உள்ள மரம் உங்கள் சொந்தக் காணியில் நின்றாலும் சபையின் அனுமதியின்றி வெட்டுவது குற்றம். மரத்தை அழித்தால் விதிக்கக்கூடிய தண்டப்பணத்துக்கு மேல்வரம்பு இல்லை. பாதுகாப்பு வலயத்தில் வீடு இருந்தால், தரையிலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேல் விட்டமுள்ள மரத்தைத் தொட ஆறு வாரம் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். ரொறன்ரோவில் 30 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேல் விட்டமுள்ள தனியார் மரத்துக்கு அனுமதிப்பத்திரம் தேவை. வீதி மரமானால் எந்த அளவாக இருந்தாலும் தேவை. அடிமரத்தில் துளையிட்டு நஞ்சு ஊற்றுவது, பட்டையைச் சுற்றி வெட்டுவது போன்ற இரகசிய வேலைகளைச் சிலர் யோசனையாகச் சொல்வார்கள். அதற்கும் வழக்கு வரும். பட்ட மரம் விழுந்து ஆளுக்கோ வீட்டுக்கோ சேதம் வந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

நாம் செய்யக்கூடியவை

காரைத் தேன்பனி காயுமுன், இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவையாவது கழுவுங்கள். இளஞ்சூடான தண்ணீரில் கார் சவர்க்காரம் கலந்து முதலில் ஊறவிட்டு, பிறகு மென்துணியால் துடையுங்கள். காய்ந்த நிலையில் தேய்த்தால் ஒட்டியுள்ள தூசி பூச்சைக் கீறும். நாட்கணக்கில் வெயிலில் காயவிட்டால் பூச்சு கறைபடலாம். வசந்தத்தில் மெழுகு பூசி வைத்தால் பின்பு கழுவுவது இலகு.

முன்கண்ணாடியில் துடைப்பானைப் போடும் முன் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். ஒட்டிய கண்ணாடியோடு எதிர்வெயிலில் ஓடுவது ஆபத்து.

வசதியிருந்தால் மே கடைசியிலிருந்து ஓகஸ்ட் வரை லைம், சிக்கமோர் மரங்களின் கீழ் நிறுத்துவதைத் தவிருங்கள். உடுப்புக் கொடியையும் அந்த மாதங்களில் இடம் மாற்றுங்கள்.

கதிரை, வேலி, கல்லில் படிந்த கறுப்பை வெந்நீரும் சவர்க்காரமும் தூரிகையும் போட்டுத் தேய்த்தால் அகற்றலாம். ஒட்டிய நடைபாதை மழையில் வழுக்கும், முதியவர்கள் கவனம்.

தோட்டத்தில் சிறு மரமானால் குழாய்த் தண்ணீரை இலையின் அடியில் பீய்ச்சி அடித்தால் அழுக்கணவன் கணிசமாக விழும். எறும்பு வரிசையாக ஏறினால் அது பூச்சியைக் காவல் காக்கிறது என்று பொருள். அடிமரத்தைச் சுற்றி ஒட்டுப்பட்டை கட்டி எறும்பைத் தடுத்தால் பொறிவண்டு தன் வேலையைப் பார்க்கும். பொறிவண்டின் புழு கருஞ்சாம்பல் நிறத்தில், செம்மஞ்சள் புள்ளிகளோடு சிறிய முதலை போல இருக்கும். பயந்து நசுக்கிவிடாதீர்கள்.

வீட்டுக்குள் சாடியில் வளர்க்கும் கறிவேப்பிலை, தேசி மரங்களுக்கும் இதே செதில் பூச்சியும் கரும்பூஞ்சணமும் வரும். குளிர்காலத்தில் கணப்பூட்டிய அறையில் மழையும் இல்லை, பொறிவண்டும் இல்லை. தண்டிலும் இலை நரம்பிலும் பழுப்பு நிறச் சிறு மேடுகளைக் கண்டால் நகத்தாலோ பஞ்சாலோ சுரண்டி எடுங்கள். மென்மையான சவர்க்காரத் தண்ணீரால் இலையின் இரு பக்கமும் துடைத்து, பின் வெறும் தண்ணீரால் கழுவுங்கள். ஒரு தடவை போதாது, குஞ்சுகள் வெளிவரும்வரை வாரமொரு முறை செய்ய வேண்டும். கறிக்குப் போடும் இலை என்பதால் அலங்காரச் செடிகளுக்கான பூச்சிநாசினியை அடிக்கவே கூடாது.

மரத்தைப் பற்றி முறைப்பாடு எழுதும் முன் ஓர் இலையைப் பறித்து ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். கறுப்புக் கழன்று பச்சை தெரிந்தால் தேவைப்படுவது ஒரு வாளி தண்ணீரும் சவர்க்காரமும்தான். அடிமரத்தில் பட்டை வெடித்துக் கரித்தூள் தெரிந்தால் அன்றே சபைக்கு அறிவியுங்கள்.